அருந்ததியைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

(புனே கிளையின் மே மாதக் குடும்பக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  செயலாளர் என்னிடம், "ஆகாயத்தைப் பற்றி அரை மணி பேசுங்கள், ஆனால் ஜோசியம் வேண்டாம்" என்று கேட்டுக் கொண்டார். ஜோசியம் எனக்குத் தெரியாது. ஆகவே அந்த நிபந்தனையில் சிரமமில்லை. நான் சொல்லப் போவது டெலஸ்கோப்பைப் பற்றியும், சம்பளம் வாங்காமல் அதை ஊராருக்காகத் திறந்து வைக்கிற மனிதர்களைப் பற்றியும்தான்.

முதலில் ஒரு கேள்வி. இங்கே விவாகமானவர்களில் அருந்ததியை நிஜமாகவே பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஐந்து, ஆறு... எட்டுப் பேர். பரவாயில்லை, நான் இரண்டு பேரைத்தான் எதிர்பார்த்தேன். நம் விவாகங்களில் சாஸ்திரிகள் கையைக் காட்டுவார். அந்தத் திசையில் மாவிலைத் தோரணமும் ட்யூப்லைட்டும் இருக்கும். "பார்த்தாச்சா?" என்பார். "பார்த்தாச்சு" என்போம். ராத்திரியில் நடக்க வேண்டிய காரியத்தைப் பகல் முகூர்த்தத்தோடு சேர்த்து முடிப்பதால் சாஸ்திரிகளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

ஆனால் அன்று ராத்திரி மாடிக்குப் போனால் மட்டும் தெரிந்துவிடுமா என்பதும் சந்தேகம்தான். சப்தரிஷி மண்டலத்தின் வால் பகுதியில் நடுவில் இருப்பவர் வசிஷ்டர். அவர் பிரகாசமானவர், நகரத்திலும் தெரிவார். அவரை ஒட்டியிருக்கும் அருந்ததி சற்று மங்கல். நம் தாத்தா பாட்டி காலத்தில் கண் நன்றாக இருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்த நட்சத்திரம் அது. இன்று புனே நகரத்தின் நடுவில் பெரும்பாலான இரவுகளில் வெறுங்கண்ணுக்குத் தெரிவதில்லை. சென்னை, மும்பை, தில்லியில் இருக்கும் நம் உறுப்பினர்களும் இதையேதான் சொல்வார்கள். நட்சத்திரம் எங்கும் போய்விடவில்லை. தெருவிளக்கும் விளம்பரப் பலகையும் வானத்தை வெளுத்துவிட்டன. மந்திரத்தில் இருக்கிற நட்சத்திரம் மாடியில் இல்லாமல் போய்விட்டது.

சின்ன டெலஸ்கோப் ஒன்று இருந்தால் அருந்ததி மட்டுமல்ல, இன்னொரு ஆச்சரியமும் தெரியும். வசிஷ்டரே ஒருவர் இல்லை, இருவர். 1617-இல் கலிலியோவின் நண்பர் காஸ்டெல்லி இதைக் கண்டு அவருக்கு எழுதினார். பிற்பாடு நிறமாலையை வைத்து ஆராய்ந்ததில் அந்த இரண்டில் ஒவ்வொன்றும் இரட்டை என்று தெரிந்தது. 2009-இல் அருந்ததிக்கும் மங்கலான துணை ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஆக அங்கே ஆறு பேர் கொண்ட ஒரு கூட்டுக் குடும்பமே இருக்கிறது. நமக்குத்தான் ஃப்ளாட்டில் நாலு பேருக்கு மேல் இடமில்லை.

இப்படிப்பட்ட விஷயங்களை யார் வேண்டுமானாலும் வந்து கண்ணால் பார்க்கலாம் என்று ஊருக்கு ஓர் இடம் வேண்டும். நம் புனேவுக்கு அந்தப் பாக்கியம் உண்டு. திலக் சாலையில் திலக் ஸ்மாரக் மந்திர் எல்லோருக்கும் தெரியும். மராத்தி நாடகம் பார்க்கப் போயிருப்பீர்கள். அந்தக் கட்டடத்தில்தான் ஜோதிர்வித்யா பரிசன்ஸ்தா இருக்கிறது. 1944-இல் ஆரம்பித்த சங்கம். இந்தியாவில் இன்றும் நடந்து வரும் அமெச்சூர் வானியல் சங்கங்களில் மிகப் பழையது அதுதான் என்பார்கள். கீழே நாடகம், மேலே நட்சத்திரம். திலகர் பெயர் அங்கே இருப்பதும் பொருத்தமே. மிருகசீரிஷ நட்சத்திரத்தை வைத்து வேதத்தின் காலத்தைக் கணக்கிட்டு 'ஓரையன்' என்று 1893-இல் புத்தகம் எழுதியவர் அவர். அவர் சொன்ன காலத்தைப் பல அறிஞர்கள் ஏற்கவில்லை. அது வேறு விவாதம்.

மும்பைக்காரர்களுக்கு ககோள் மண்டல் இருக்கிறது. 1985-இல், ஹாலி வால்நட்சத்திரம் வரப் போகிற பரபரப்பில் பிறந்தது. கர்ஜத் போகும் ரயிலில் வாங்கணி என்ற ஊரில் இறங்கி, ராத்திரி முழுக்க விழித்திருந்து வானம் பார்க்கும் முகாம்களுக்குப் பேர் போனது. பெங்களூரிலும் தில்லியிலும் இதுபோல் சங்கங்கள் உண்டு. இவற்றை நடத்துகிறவர்கள் விஞ்ஞானிகள் இல்லை. பாங்க் குமாஸ்தா, பள்ளிக்கூட வாத்தியார், கல்லூரி மாணவன், சாஃப்ட்வேர் இன்ஜினியர். பகலில் வேறு வேலை, மாலையில் இந்த வேலை.

அந்த மாலை வேலை என்னவென்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வரிசையில் நிற்கிறவர்களுக்கு அது தெரிவதில்லை. ஏழரைக்கு ஜனங்கள் வருவார்கள் என்றால் ஆறு மணிக்கே கூரையை நகர்த்தித் திறக்க வேண்டும். மூடிய அறைக்குள் பகலெல்லாம் சூடான கண்ணாடி, வெளிக்காற்றின் குளிர்ச்சிக்கு வரும் வரை பிம்பம் கொதிக்கிற வெந்நீர் மாதிரி ஆடும். கான்கிரீட் தளமும் சூட்டைக் கக்கிக் கொண்டிருக்கும். பிறகு கண்ணாடிகளை ஒரே நேர்கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலத்தில் ஒன்றும் தெரியாது, ஆனால் வேலை மட்டும் நிற்காது. லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க சிலிக்கா ஜெல் பையை மாற்றிக் கொண்டே இருக்க வேண்டும். ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் நல்ல ஐபீஸ் ஒன்று போச்சு.

டெலஸ்கோப் கண்ணாடியைத் தாமே தேய்த்துச் செய்கிற சங்கங்களும் உண்டு. இரண்டு வட்டக் கண்ணாடிகளை ஒன்றன் மேல் ஒன்று வைத்து, நடுவில் கார்போரண்டம் தூளும் தண்ணீரும் போட்டு, முன்னும் பின்னுமாகத் தேய்த்துக் கொண்டே சுற்றி வர வேண்டும். மேலே இருப்பது தானாகக் குழியும், கீழே இருப்பது தானாகக் குவியும். மாவரைக்கிற வேலைதான். கடைசியில் வேண்டிய துல்லியம் ஒரு மில்லிமீட்டரில் ஏழாயிரத்தில் ஒரு பங்கு. அதைப் பரிசோதிக்கும் கருவி என்ன தெரியுமா? ஒரு சின்ன பல்பு, ஒரு ஊசித் துவாரம், ஒரு சவர ப்ளேடு. ஃபூக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டுபிடித்த உபாயம். இன்றைக்கும் அதுவே போதுமானதாக இருக்கிறது.

இனி வரிசைக்கு வருவோம். நான் போய் வருவது புனேயிலேயே வேறொரு சின்னக் குழு, பெயர் இங்கே வேண்டாம். வருகிறவர்களில் பாதிப் பேர் சனி கிரகத்தைப் பார்த்தவுடன் செய்கிற முதல் காரியம், குழாயின் முன்பக்கம் போய் எட்டிப் பார்ப்பது. போட்டோ ஏதாவது ஒட்டி வைத்திருக்கிறோமா என்று! அவ்வளவு துல்லியமாக வளையம் தெரியும். ஒரு தடவை நம் ஊர் மாமி ஒருவர் தம் முறை வந்ததும் தயங்கி நின்றார். "சனியை நேருக்கு நேர் பார்க்கலாமோ?" என்று என்னிடம் ரகசியமாகத் தமிழில் கேட்டார். கோயிலில் சனீஸ்வரனுக்கு எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்றே சேவித்துப் பழக்கம். "மாமி, ஐபீஸும் பக்கவாட்டில்தான் இருக்கிறது, தைரியமாகப் பாருங்கோ" என்றேன். பார்த்தார். நிமிரவே இல்லை. "இவ்வளவு அழகா இருக்கானே!" என்று சொல்லிவிட்டு, கீழே காரில் உட்கார்ந்திருந்த மாட்டுப்பெண்ணைக் கூப்பிட ஆளனுப்பினார்.

இன்னொன்று. சனி ஐபீஸுக்குள் நகர்ந்து ஓரத்துக்குப் போய் மறைந்துவிடும், ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேல் ஆகும். "ஐயோ, நகர்கிறதே" என்பார்கள் குழந்தைகள். நகர்வது சனி இல்லை, நாம்தான் என்று சொன்னால், ஏழாம் வகுப்பில் படித்த பூமியின் சுழற்சி முதல் முறையாக அந்தக் குழந்தைக்குக் கண்ணில் படுகிறது. இதை வகுப்பறையில் காட்ட முடியாது.

சொந்த நட்சத்திரம் தெரியாதவர்கள் நம்மில் கிடையாது. அர்ச்சனைத் தட்டோடு சொல்லிச் சொல்லிப் பழக்கம். ஆனால் அது வானத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் விழிப்போம். ஆகவே வருகிறவர்களிடம், "உங்கள் நட்சத்திரம் என்ன?" என்றுதான் நான் ஆரம்பிப்பது. மராத்திக்காரர்களுக்கும் அதே கிருத்திகா, ரோகிணி, சித்ரா, ஸ்வாதி. பாஷை தடையே இல்லை. திருவோணத்தின் வெளிச்சம் இங்கே வந்து சேர ஏறக்குறைய 17 வருஷம், சுவாதிக்கு 37, ரோகிணிக்கு 65, மகத்துக்கு 79. அதாவது திருவோணத்தில் பிறந்த பையன் ப்ளஸ் டூ முடிக்கிற சமயத்தில் பார்க்கிற வெளிச்சம் அவன் பிறந்த வருஷம் அங்கிருந்து கிளம்பியது. மக நட்சத்திரத்துப் பெரியவர் சதாபிஷேகத்தை ஒட்டி ஒரு ராத்திரி மாடிக்கு வர வேண்டும். வசிஷ்டரும் அருந்ததியும் இருப்பது 80 ஒளியாண்டுக்குச் சற்று அப்பால் என்பதால், சதாபிஷேகத் தம்பதிகள் எந்த நட்சத்திரக்காரர்களானாலும் அவர்களைப் பார்க்கலாம்.

சம்பளமில்லாத இந்த வேலைக்கு நம் தேசத்தில் நல்ல பூர்வீகம் உண்டு. நம்மவர்களில் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் பெயரை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சென்னை நுங்கம்பாக்கம் வான் ஆய்வுக்கூடத்தில் உத்தியோகம் பார்த்தவர். 1867-இல் ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அதற்காக அவருக்குச் சம்பளம் கிடைத்தது, சரி. ஆனால் 1874 டிசம்பரில் சுக்கிரன் சூரியனைக் கடந்தபோது அது என்னவென்று ஜனங்களுக்கு விளக்கத் தமிழிலும் வேறு பாஷைகளிலும் புஸ்தகம் வெளியிட்டாரே, அது உத்தியோகத்தில் சேராது. வாக்கியமா திருக்கணிதமா என்று இன்றைக்கும் ஏகாதசிக்கு ஏகாதசி சண்டை போடுகிறோம். கண்ணால் பார்த்துக் கணக்கைச் சரி செய்ய வேண்டும் என்று அன்றே வாதாடியவர்களில் அவரும் ஒருவர்.

இன்னொருவர் ராதா கோவிந்த சந்திரா. இன்றைய பங்களாதேஷில் இருக்கும் ஜெஸ்ஸூரில் கலெக்டர் ஆபீஸ் கஜானாவில் வேலை. ராத்திரியில் மாறு நட்சத்திரங்களின் ஒளியை மதிப்பிட்டு அமெரிக்க மாறு நட்சத்திரச் சங்கத்துக்கு எழுதி அனுப்புவார். பார்த்தவர்கள் மெச்சி, 1926-இல் ஆறு அங்குல டெலஸ்கோப் ஒன்றைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். தம் ஆயுளில் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் செய்தார். தேசப் பிரிவினைக்குப் பிறகு கல்கத்தா பக்கம் வந்து, 1975-இல் காலமானார். அந்த டெலஸ்கோப் வைணு பாப்பு கைக்கு வந்து, கடைசியில் நம் காவலூருக்குப் போய்ச் சேர்ந்தது. கருவி மனிதரை விட நீண்ட நாள் இருக்கும். ஆனால் அடுத்த மனிதர் ஒருவர் அதை வாங்கிக் கொள்ள வேண்டும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. 1910-இல் ஹாலி வால்நட்சத்திரம் வந்த உற்சாகத்தில் கல்கத்தாவில் ஒரு வானியல் சங்கம் அமோகமாக ஆரம்பித்தது. பத்துப் பன்னிரண்டு வருஷங்களில் மங்கிப் போனது. புனே சங்கம் எண்பது வருஷத்தைத் தாண்டிவிட்டது. எண்பது வருஷம் என்றால் குறைந்தது மூன்று தலைமுறை, ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குச் சாவி போயிருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் சின்னக் குழுவின் பட்டியலில் பன்னிரண்டு பெயர் இருக்கிறது. சனிக்கிழமை மாலை வருவது மூன்று பேர். பையன்கள் கெட்டிக்காரர்கள், ஆனால் ஒருவனுக்கு ஆன்சைட், ஒருவனுக்கு ஐதராபாத் மாற்றல், ஒருவனுக்கு ராத்திரி ஷிஃப்ட். போன வருஷம் ஒரு சனிக்கிழமை மூன்று பேருமே ஊரில் இல்லை. பூட்டிய கதவுக்கு வெளியே ஒரு தகப்பனார் இரண்டு குழந்தைகளோடு அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார் என்று வாட்ச்மேன் மறுநாள் சொன்னார். பணத்துக்கு நன்கொடை கேட்டால் கிடைத்துவிடுகிறது. மாடிப்படி ஏற ஆள்தான் கிடைப்பதில்லை.

நம் சங்கத்தில் ஆள் இருக்கிறார்கள். ரிடையர் ஆகி, உடம்பு நன்றாக இருந்து, சாயங்காலம் சீரியலைத் தவிர வேறு வேலையில்லாதவர்கள். கோபித்துக் கொள்ளாதீர்கள், நானும் அந்த வகுப்புதான். வானியல் தெரிய வேண்டும் என்ற அவசியமில்லை. வரிசையை ஒழுங்கு செய்ய, உயரம் போதாத குழந்தைக்கு ஸ்டூல் போட, பெயர் எழுதிக் கொள்ள, சிலிக்கா ஜெல் மாற்ற ஆள் வேண்டும். பெரியவர்கள் ஒன்றிரண்டு பேர் அங்கே இருந்தால் பெண் குழந்தைகளை அனுப்பப் பெற்றோருக்குத் தைரியம் வரும். முப்பது வருஷம் புனேயில் இருந்தும் நம் கூட்டத்துக்குள்ளேயே புழங்குகிறோம் என்ற பேச்சு நம்மைப் பற்றி உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஒரு மராத்திக் குடும்பத்தோடு சேர்ந்து கார்த்திகை நட்சத்திரக் கொத்தை எண்ணிப் பாருங்கள், எத்தனை சுலபமாகப் பேச்சு வருகிறது என்று தெரியும்.

ஜான் டாப்சன் என்ற பெயரைச் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். 1915-இல் பெய்ஜிங்கில் பிறந்த அமெரிக்கர். 1944 முதல் கலிஃபோர்னியாவில் வேதாந்த சங்கத்தின் மடத்தில் பிரம்மசாரியாக இருந்தார். மடத்தில் இருந்துகொண்டே பழைய கப்பல் ஜன்னல் கண்ணாடிகளைத் தேய்த்து டெலஸ்கோப் செய்வார், அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் காட்டுவார். மடத்து வேலைக்கு நடுவே இது ஒத்து வரவில்லை. 1967-இல் வெளியே வர வேண்டியதாயிற்று. மறு வருஷமே சான் ஃபிரான்சிஸ்கோ நடைபாதை வானியலாளர்கள் என்று ஒரு கூட்டம் சேர்த்து, போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சந்திரனையும் சனியையும் காட்டினார். அட்டைக் குழாய், ப்ளைவுட் பெட்டி, இரண்டு மூன்று டெஃப்லான் துண்டு, அவ்வளவுதான் அவருடைய டெலஸ்கோப். காப்புரிமை வாங்கவில்லை. இன்று உலகம் முழுக்க அமெச்சூர்கள் அந்த அமைப்பைத்தான் 'டாப்சோனியன்' என்று செய்து கொள்கிறார்கள். 2014-இல், 98 வயதில் காலமானார். மடத்தை விட்டு வந்த பிறகும் அவர் செய்தது துறவு வாழ்க்கைதான் என்று எனக்குத் தோன்றும்.

பேரனுக்கு உபநயனப் பரிசாக டெலஸ்கோப் வாங்கித் தரலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். '525 மடங்கு பெரிதாகக் காட்டும்' என்று பெட்டியில் போட்டிருந்தால் கடையிலேயே வைத்துவிடுங்கள். ஆடுகிற முக்காலியில் 525 மடங்கு ஆட்டம்தான் தெரியும், ஒரு மாதத்தில் பரணுக்குப் போய்விடும். அந்தப் பணத்துக்கு 7-க்கு 50 அல்லது 10-க்கு 50 பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். அருந்ததி, கார்த்திகை, வியாழனின் உபகிரகங்கள் எல்லாம் தெரியும். ஆனால் பைனாகுலர் வழியாக மட்டும் சூரியனைப் பார்த்துவிடக் கூடாது, கண் போய்விடும்.

கிரகணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்நானம், தர்ப்பணம் செய்கிறவர்கள் அவசியம் செய்யுங்கள். நடுவில் ஐந்து நிமிஷம், சங்கத்தார் தரும் முறையான வடிகட்டிக் கண்ணாடியோடு வெளியே வாருங்கள். 2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கம் கங்கண கிரகணம் தெரிந்தது. கதவைச் சாத்திக் கொண்டு உள்ளேயே இருந்தவர்களுக்கு அடுத்த சந்தர்ப்பம் 2031 மே 21, கேரளத்திலும் தென் தமிழகத்திலும். ஊருக்கு டிக்கெட் இப்போதே யோசித்து வைக்கலாம்.

வெளிச்சத்துக்கு வருகிறேன். லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில் பெரிய வான் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அதைச் சுற்றி 2022-இல் இருள் வான் காப்பகம் அறிவித்து, கிராமத்தாருக்கே டெலஸ்கோப் கொடுத்துப் பயிற்சி தந்திருக்கிறார்கள். அவர்கள் விளக்குக்குத் திரை போட்டு, வருகிற யாத்திரிகர்களுக்கு வானம் காட்டிச் சம்பாதிக்கிறார்கள். புனேயில் அவ்வளவு முடியாது. உங்கள் சொசைட்டியின் மாடி விளக்கும் தோட்ட விளக்கும் மேல் நோக்கி எரிகிறதா என்று மட்டும் பாருங்கள். தரையைப் பார்த்துத் திருப்பி ஒரு தகட்டு மூடி போட்டால் நடக்கிறவருக்கும் நன்றாகத் தெரியும், வானமும் கொஞ்சம் கறுக்கும். கரண்ட் பில்லும் குறையும் என்று சொன்னால் கமிட்டி சீக்கிரம் ஒப்புக் கொள்கிறது.

பல ஊர்களிலிருந்து பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்காக ஒரு கணக்கு. துருவ நட்சத்திரம் உங்கள் ஊரில் வடக்கே எத்தனை உயரத்தில் தெரியும்? ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனை. கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் ஒரு முஷ்டி ஏறக்குறைய பத்து டிகிரி. சென்னையில் அடிவானத்திலிருந்து ஒன்றேகால் முஷ்டி, புனே, மும்பையில் இரண்டுக்குச் சற்றுக் குறைவு, கல்கத்தாவில் இரண்டேகால், தில்லியில் மூன்றுக்குக் கொஞ்சம் கம்மி. அகஸ்தியருக்கு எல்லாம் நேர்மாறு. அவர் தெற்கே போகப் போக உயருவார். தில்லிக்காரர்களுக்கு ஒரு முஷ்டி உயரம்கூட வரமாட்டார், சென்னையில் இரண்டரை முஷ்டி வரை ஏறுவார்.

மணி ஏழேகால் ஆகிறது. எங்கள் குழுவின் இரண்டு பையன்கள் இந்த மண்டபத்து மொட்டை மாடியில் எட்டு அங்குல டெலஸ்கோப் ஒன்றை ஆறு மணிக்கே கொண்டு வந்து வைத்திருக்கிறார்கள். ஏழே முக்காலுக்கு இருட்டிவிடும், சப்தரிஷி வடக்கே நன்றாக உயர்ந்திருப்பார்கள். சாப்பாடு எட்டரைக்கு என்று சமையல்காரர் உறுதி சொல்லியிருக்கிறார். முழங்கால் வலி உள்ளவர்கள் லிஃப்டில் நாலாவது மாடி வரை வந்து ஒரே ஒரு படிக்கட்டு ஏறினால் போதும். செல்போன் விளக்கைப் போடாதீர்கள், கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிஷம் ஆகும். புதிதாக விவாகமானவர்கள் இரண்டு ஜோடி இங்கே இருப்பதாகச் செயலாளர் சொன்னார். அவர்கள் வரிசையில் முதலில் வரட்டும். சாஸ்திரிகளும் வருகிறார்.